தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் வாதம்

வந்த கடிதம் நான்கு பக்கம். சுருக்கம் இது.

எழுதியவர் தென்மாவட்டம் ஒன்றின் சிற்றூரில் பள்ளி ஆசிரியை. கணவர் அவருடைய அத்தை மகன். ஒரே மகளுக்கு வயது இரண்டே முக்கால். நான்காம் மாதத்தில் ஒரு நாள் குழந்தையின் இடது கண் மட்டும் ஊசல்போல ஆடியது. சில நிமிடங்களில் நின்றுவிட்டது. ஏழாம் மாதத்தில் இடது கை துவண்டு கிடந்தது. உரம் விழுந்திருக்கிறது என்று பக்கத்து ஊர்ப் பாட்டியிடம் கொண்டுபோனார்கள். அவர் குழந்தையைச் சேலையில் போட்டு உருட்டினார். அழுது களைத்துத் தூங்கிய குழந்தை எழுந்தபோது கை நன்றாக அசைந்தது. அடுத்த மாதம் அதே போல வலது கையும் காலும். இப்போது மாதம் மூன்று, நான்கு முறை வருகிறது. ஒரு மணி நேரமும் நீடிக்கும், இரண்டு நாளும் நீடிக்கும். ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம். நினைவு தப்புவதில்லை, கூப்பிட்டால் பார்க்கிறாள், அழுகிறாள். ஒரே ஒருமுறை இரண்டு பக்கமும் விழுந்து, எச்சில்கூட விழுங்க முடியாமல் கிடந்தாள். தலைக்குக் குளிப்பாட்டிய நாளிலும் கோயில் கொடைக்குப் போன நாளிலும் அதிகம் வருகிறது. இரண்டு வயதில்தான் நடந்தாள். பத்துப் பன்னிரண்டு சொற்கள் பேசுகிறாள்.

மூளை எம்.ஆர்.ஐ. சரியாக இருக்கிறது. இ.இ.ஜி. என்னும் மூளை மின்பதிவு இரண்டு முறை எடுத்ததும் சரி. வலிப்பு மருந்து இரண்டு கொடுத்தும் பலனில்லை. ஒரு மருத்துவர், ‘தூங்கினால் சரியாவதெல்லாம் நோயில்லை, பிடிவாதம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். இன்னொருவர் 28,000 ரூபாய்க்கு ஒரு மரபணுப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார். ‘இது வலிப்பா இல்லையா? அவ்வளவு பணம் செலவழித்து என்ன தெரியப்போகிறது? சொந்தத்தில் கட்டியதுதான் காரணமா? வலிப்பு மருந்துகளை நிறுத்திவிடலாமா? நான் இப்போது இரண்டு மாதம் முழுகாமல் இருக்கிறேன். அடுத்ததும் இப்படிப் பிறந்தால் என்ன செய்வது, இப்போதே கலைத்துவிடலாம் என்கிறார் கணவர். என் மாமியார், அதாவது என் அத்தை, தான்தான் கேட்டு வாங்கிக் கட்டிவைத்தேன் என்று தினமும் அழுகிறார்.’

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘நீண்ட நேரம் இருக்கும் நாளில் தூங்கி எழுந்ததும் கை கால் நன்றாக ஆடும், பால் குடித்து முடிப்பதற்குள் மறுபடி விழுந்துவிடும்.’ இந்த வரியைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை நாள் யாரும் உங்களிடம் இதைக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். கேட்டிருந்தால் இந்தக் கடிதம் எனக்கு வந்திருக்காது.

தூக்கத்தில் கலைந்து, விழித்த பத்து இருபது நிமிடத்தில் திரும்பி வரும் ஒருபக்கச் செயலிழப்புக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது: ஆல்டர்னேட்டிங் ஹெமிப்ளீஜியா ஆஃப் சைல்ட்ஹுட். பக்கம் மாறி மாறி வரும் குழந்தைப் பருவ வாதம் என்று தமிழில் சொல்லலாம். வெரே, ஸ்டீல் என்ற இரு மருத்துவர்கள் 1971இல் எட்டுக் குழந்தைகளைப் பற்றி எழுதியபோது இதை ஒருவகை ஒற்றைத் தலைவலி என்றே கருதினார்கள். பிறகு பிரான்சில் ஐகார்டி என்ற குழந்தை நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதற்கென்று அடையாளக் குறிகளைத் தொகுத்தார்கள். இன்றும் நாங்கள் கையில் வைத்துக்கொள்வது அந்தப் பட்டியலைத்தான். ஒன்றரை வயதுக்குள் தொடங்க வேண்டும். பக்கம் மாறி வர வேண்டும். சில முறையாவது இரு பக்கமும் சேர்ந்து விழ வேண்டும். தூக்கத்தில் கலைய வேண்டும். கண் ஆடுவது, உடல் விறைப்பது, மூச்சு மாறுவது போன்ற வேறு தாக்குதல்களும் இருக்க வேண்டும். வளர்ச்சியில் பின்தங்கல் தென்பட வேண்டும். கடைசியாக, வேறு நோய் எதுவும் இதற்குக் காரணமாக இருக்கக் கூடாது.

முதல் ஆறும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. நான்காம் மாதத்தில் ஒரு கண் மட்டும் ஆடியது உட்பட. அதை நீங்கள் தனிக் கதையாக எழுதியிருக்கிறீர்கள். அது இந்தக் கதையின் முதல் அத்தியாயமாக இருக்கலாம். பல குழந்தைகளுக்குக் கை கால் விழுவதற்கு முன்பே கண்தான் காட்டிக்கொடுக்கும்.

ஏழாவது குறி பாக்கி இருக்கிறது. வேறு காரணம் இல்லை என்பது உங்கள் மகள் விஷயத்தில் இன்னும் உறுதியாகவில்லை. கடிதத்தைப் படித்து யாரும் நோயை முடிவுசெய்ய முடியாது, நானும் செய்யவில்லை. எதை எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பிடிவாதம் என்று சொன்ன மருத்துவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. பழைய கணக்கில் பத்து லட்சம் குழந்தைகளில் ஒருவர், பிந்திய கணக்கில் ஒரு லட்சத்தில் ஒருவர் என்னும் நோய் இது. பெரும்பாலான மருத்துவர்கள் ஆயுள் முழுக்க ஒரு குழந்தையைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் ஏழு மாதக் குழந்தைக்கு நடிக்கத் தெரியாது என்பதற்கு மருத்துவப் படிப்பு வேண்டாம்.

உரம் எடுத்த பாட்டியையும் சொல்லிவிடுகிறேன். கையைச் சரிசெய்தது சேலை அல்ல, தூக்கம். குழந்தையைத் தூளியில் போட்டு உருட்டுவதும் குலுக்குவதும் பிஞ்சு மூளையில் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். அடுத்த குழந்தைக்கு இந்த வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

இது வலிப்பா?

வலிப்பு என்பது மூளை நரம்பணுக்கள் கூட்டமாக, கட்டுப்பாடின்றி மின்சாரம் பாய்ச்சுவது. தாக்குதல் நடக்கிற நேரத்தில் அது இ.இ.ஜி.யில் பெரும்பாலும் தெரிந்துவிடும். உங்கள் மகளுக்கு எடுத்த இரண்டு இ.இ.ஜி.யும் அவள் நன்றாக விளையாடிக்கொண்டிருந்த நாட்களில் எடுத்தவை. திருடன் வராத இரவில் காவல்காரனை விசாரித்தது போலத்தான் அது. சாதாரண நாளில் இ.இ.ஜி. சரியாக இருந்தால் வலிப்பு இல்லை என்று பொருளல்ல. வலிப்புள்ள குழந்தைகள் பலருக்கும் ஒற்றை இ.இ.ஜி. சரியாகவே வரும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கம் மாறும் வாதம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிற்காலத்தில் உண்மையான வலிப்பும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே ‘வலிப்பா, வாதமா’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி சரியான கேள்வியாகாது. ஒவ்வொரு தாக்குதலும் எந்த வகை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரே வழி, தாக்குதல் நடக்கும்போது குழந்தையைக் காணொளியிலும் மூளை மின்பதிவிலும் ஒரே நேரத்தில் பிடிப்பது. வீடியோ இ.இ.ஜி. என்பார்கள். மாதம் நான்கு முறை வருவதால், மருத்துவமனையில் சில நாள் தங்கினால் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உங்களுக்குப் பக்கம். பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி. ஆகிய இடங்களிலும் இந்த வசதி உண்டு.

மருந்துகளை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு உடனடிப் பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். பலன் தராத வலிப்பு மருந்தைக்கூடத் திடீரென்று நிறுத்தினால், அதுவரை இல்லாத வலிப்பு நிற்காமல் வரக்கூடும். ஆனால் அந்த இரண்டில் ஒன்று வால்ப்ரோயேட் என்று எழுதியிருக்கிறீர்கள். கீழே சொல்லப்போகும் சில நோய்களில் அது உகந்த மருந்தல்ல. அதை மாற்றலாமா என்று உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். குறைப்பதும் மாற்றுவதும் அவர் கையில் படிப்படியாக நடக்கட்டும்.

மரபணுவுக்கு முன் இரண்டு பரிசோதனைகள்

அரிய நோய் என்றதும் எல்லோரும் பெயரைத் தேடி ஓடுகிறோம். நான் முதலில் தேடுவது, இதுபோலவே தோன்றும் நோய்களில் மருந்துக்கோ கத்திக்கோ கட்டுப்படுபவை எவை என்று. அவற்றைத் தவறவிட்டால் இழப்பு பெரிது.

முதலாவது குளுட்-1 குறைபாடு. இரத்தத்திலிருக்கும் சர்க்கரையை மூளைக்குள் ஏற்றிவிடும் வாயிற்காப்போன் போன்ற ஒரு புரதம் குறைந்துபோவது. டி விவோ என்ற அமெரிக்க மருத்துவரின் குழு 1991இல் இதை விவரித்தது. இந்தக் குழந்தைகளுக்கும் கைக்குழந்தைப் பருவத்தில் கண் விநோதமாக அசையும். பிறகு தள்ளாட்டம், கை கால் முறுக்கம், தற்காலிகச் செயலிழப்பு எல்லாம் வரும். பசியோடு இருக்கும் நேரத்தில், குறிப்பாகக் காலையில், அதிகமாகும், சாப்பிட்டால் தணியும். உங்கள் மகளுக்கு அப்படி உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இனிக் கவனியுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வெறும் வயிற்றில் வைத்து, முதலில் இரத்தச் சர்க்கரையும் உடனே முதுகுத் தண்டு நீரில் சர்க்கரையும் பார்க்க வேண்டும். தண்டு நீரில் சர்க்கரை வழக்கமாக இரத்தத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். இந்த நோயில் அது பாதிக்கும் கீழே போய்விடும். செலவு குறைவு, அன்றே பதில் தெரியும். மாவட்டத் தலைநகர அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே செய்யலாம். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று வீட்டில் பயமுறுத்துவார்கள். தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி இறங்குகிறது. கால் போகாது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், குளுட்-1க்கு வைத்தியம் சமையலறையில் இருக்கிறது. சர்க்கரை ஏறாத மூளைக்குக் கொழுப்பிலிருந்து உண்டாகும் கீட்டோன்களை எரிபொருளாகக் கொடுப்பது. இட்லி, சோறு, பழம் பெரும்பாலும் நிறுத்தப்பட்டு, நெய்யும் தேங்காய் எண்ணெயும் முட்டையும் அளந்து கொடுக்கப்படும். நம் வீடுகளில் கடினமான உணவுமுறைதான். உணவியல் நிபுணர் பக்கத்தில் இல்லாமல் தொடங்கவே கூடாது. ஆனால் காலத்தில் தொடங்கிய குழந்தைகளில் பலருக்குத் தாக்குதல் அடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது மோயாமோயா. மூளைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்கள் மெல்ல மெல்லச் சுருங்கி, பக்கத்தில் புகைமூட்டம் போலச் சின்னக் குழாய்கள் முளைப்பது. ஜப்பானிய மொழியில் அந்தப் புகைமூட்டத்துக்கான சொல்தான் பெயர். வீறிட்டு அழும்போதும், சூடான உணவை ஊதிச் சாப்பிடும்போதும் ஒரு பக்கம் தற்காலிகமாக விழும். உங்கள் மகளின் கதை இதற்குச் சரியாகப் பொருந்தவில்லை. இவ்வளவு சின்ன வயதில் தொடங்குவதும், தூக்கத்தில் கலைவதும் இதன் வழக்கமல்ல. ஆனாலும் விட முடியாது, ஏனெனில் காலத்தில் அறுவை சிகிச்சை செய்தால் பெரிய பக்கவாதத்தைத் தடுக்கலாம். நீங்கள் அனுப்பிய அறிக்கையில் மூளையைப் பார்த்திருக்கிறார்கள், இரத்தக் குழாய்களைப் படமெடுத்ததாக இல்லை. ‘எம்.ஆர்.ஆஞ்சியோ எடுத்தீர்களா’ என்று கேளுங்கள். எடுத்திருந்தால் அறிக்கை எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை மயக்கம் கொடுக்கும்போது சேர்த்து எடுக்கட்டும்.

இவை தவிர, ஒரு பக்கத்தைச் செயலிழக்கவைக்கும் குடும்பவழி ஒற்றைத் தலைவலி, உயிரணுவுக்குள் ஆற்றல் உண்டாக்கும் பகுதி பழுதாகும் மைட்டோகாண்டிரியா நோய்கள் என்று இன்னும் சில உண்டு. இரத்தத்தில் லாக்டேட் அளவு பார்ப்பார்கள். அதற்கு மேல் இங்கே விரிக்கவில்லை.

28,000 ரூபாய் கேள்வி

எழுதிக் கொடுத்திருப்பது எக்ஸோம் பரிசோதனை. உடலின் மரபணுக்களில் புரதம் செய்யச் சொல்லும் பகுதிகளை எல்லாம் ஒட்டுமொத்தமாகப் படிப்பது.

பக்கம் மாறும் வாதத்துக்குக் காரணமான மரபணு 2012இல்தான் கிடைத்தது. அதன் பெயர் ஏ.டி.பி.1ஏ3. நரம்பணுவின் சுவரில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. டென்மார்க்கின் ஸ்கூ 1957இல் கண்டறிந்து நாற்பது ஆண்டு கழித்து நோபல் பரிசு வாங்கியது இந்தப் பம்புக்காகத்தான். நரம்பணுவில் உள்ள அந்தப் பம்பின் ஒரு பாகத்தை இந்த மரபணு செய்கிறது. பழுதான பம்புள்ள வீட்டில் சாதாரண நாளில் எப்படியோ தண்ணீர் வந்துவிடும். விருந்தாளிகள் வந்த நாளில் குழாய் காற்று வாங்கும். திருவிழாக் கூட்டமும் தலைக்குளியலும் உங்கள் மகளுக்கு அப்படிப்பட்ட நாட்கள்.

இந்த நோயுள்ள நான்கு குழந்தைகளில் ஏறக்குறைய மூவருக்கு இந்த மரபணுவில் மாற்றம் கிடைக்கிறது. மீதி ஒருவருக்கு எதுவும் கிடைக்காது. ஆகவே பரிசோதனை ‘ஒன்றுமில்லை’ என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது. அடையாளக் குறிகளை வைத்தே நோயைச் சொல்ல முடியும். இதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் பின்னால் ஏமாற்றமாக இருக்கும்.

அப்படியானால் எதற்குச் செய்வது? உங்களிடம் வேறு சூழ்நிலை இருந்திருந்தால், ‘முதலில் தண்டு நீர்ப் பரிசோதனை, வீடியோ இ.இ.ஜி. முடியட்டும், பணம் சேர்ந்ததும் செய்யலாம்’ என்று எழுதியிருப்பேன். ஆனால் நீங்கள் இரண்டு மாதக் கர்ப்பம். அதனால் என் பதில் மாறுகிறது: இப்போதே செய்யுங்கள், இந்த மாதமே. காரணத்தைக் கீழே சொல்கிறேன். பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள். குழந்தையின் இரத்தம் மட்டுமா, பெற்றோர் இரத்தமும் சேர்த்தா? மூவரையும் சேர்த்துப் பார்த்தால்தான், கிடைத்த மாற்றம் புதிதாக வந்ததா, உங்களிடமிருந்து வந்ததா என்று தெரியும். குளுட்-1க்கான மரபணுவும் இதில் அடங்குமா? முடிவு எத்தனை வாரத்தில் வரும்? கடைசிக் கேள்விக்கு நாட்கணக்கில் பதில் வாங்குங்கள், கர்ப்பம் என்பதையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

‘முக்கியத்துவம் தெரியாத மாற்றம்’ என்று ஒரு வரி அறிக்கையில் வரக்கூடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம் ஒவ்வொருவரிடமும் அப்படிப்பட்டவை கிடக்கின்றன. மரபியல் ஆலோசகர் ஒருவர் அறிக்கையை உட்கார்ந்து விளக்க வேண்டும். பரிசோதனைக்கூடமே அந்த வசதியைத் தருவதுண்டு; கேட்டு வாங்குங்கள்.

சொந்தத்தில் கட்டியதால் வந்ததா?

நெருங்கிய உறவில் திருமணம் செய்வதால் சில நோய்கள் கூடுதலாக வருகின்றன என்பது உண்மை. அவை பெற்றோர் இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே பழுதான மரபணு, குழந்தையிடம் இரட்டையாகச் சேரும்போது வருபவை. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தைப் பற்றிப் பொதுவாகக் கேட்டால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் பக்கம் மாறும் வாதம் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. ஒரே ஒரு பிரதியில் மாற்றம் இருந்தால் போதும், நோய் வரும். அந்த மாற்றமும் மிகப் பெரும்பாலும் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வருவதல்ல. கருவாகும் நேரத்தில் புதிதாக எழுவது. நகலெடுக்கும்போது ஓர் எழுத்து தவறி விழுந்தது போல. ஏழு கடல் தாண்டி முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டியிருந்தாலும் இதே எழுத்துப் பிழை நேர்ந்திருக்கலாம். குளுட்-1 குறைபாடும் பெரும்பாலும் இப்படியே.

மாறாகப் பரிசோதனையில் உறவுத் திருமணத்தோடு தொடர்புள்ள வேறு நோய் ஏதாவது தெரியவந்தால், அப்போது கணக்கு வேறு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வயிற்றில் இருக்கும் குழந்தை

உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இப்போதே கலைத்துவிடலாம் என்பது, யாரென்று தெரியாமலே தீர்ப்பு எழுதுவது.

மூத்தவளுக்கு ஏ.டி.பி.1ஏ3 மாற்றம் புதிதாக எழுந்தது என்று உறுதியானால், அடுத்த குழந்தைக்கு அது வரும் வாய்ப்பு மிகக் குறைவு. முழுமையான பூஜ்யம் என்று சொல்லாததற்குக் காரணம், அபூர்வமாகத் தாய் அல்லது தந்தையின் இனப்பெருக்க அணுக்களில் மட்டும் அந்த மாற்றம் ஒளிந்திருக்கலாம். இரத்தப் பரிசோதனையில் அது தெரியாது. அந்தச் சிறு சந்தேகத்தையும் தீர்க்க விரும்பினால் கருவையே பரிசோதிக்க முடியும். பதினொன்றிலிருந்து பதின்மூன்றாம் வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்க்கலாம். பதினாறாம் வாரம் முதல் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கலாம். ஊசியால் கர்ப்பம் கலைந்துவிடும் ஆபத்து சிறிதளவு உண்டு. அனுபவமுள்ள கைகளில் அது குறைவு.

ஆனால் மூத்தவளிடம் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று தெரிந்தால்தான் கருவில் எதைத் தேடுவது என்று தெரியும். அதனால்தான் இந்த மாதமே என்றேன். நீங்கள் இப்போது ஒன்பதாம் வாரத்தில் இருந்தால், முடிவு ஐந்தாறு வாரத்தில் வருமென்று வைத்துக்கொண்டாலும், பனிக்குட நீர் பரிசோதனைக்குப் போதிய நேரம் இருக்கிறது. 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டத்தின்படி இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். இருபதிலிருந்து இருபத்து நான்கு வாரம் வரை, விதிகளில் சொன்ன சில பிரிவினருக்கு, இரண்டு மருத்துவர்கள் ஒப்ப வேண்டும். கருவில் பெரிய குறைபாடு உறுதியானால் அதற்கு மேலும் மருத்துவக் குழுவின் அனுமதியோடு இடமுண்டு. கணவரிடம் நாட்காட்டியைக் காட்டிச் சொல்லுங்கள், அவசரப்பட எந்தத் தேவையும் இல்லை என்று. சட்டம் கேட்பது உங்கள் சம்மதத்தை மட்டுமே என்பதையும் நீங்கள் தெரிந்து வைத்திருங்கள். பரிசோதனையே வேண்டாம், பெற்றுக்கொள்கிறேன் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் அதுவும் பொறுப்பான முடிவுதான். மாற்றம் புதிதானது என்று தெரிந்தபின் பல தாய்மார் அப்படித்தான் முடிவெடுக்கிறார்கள்.

அதுவரை வீட்டில்

தாக்குதல் தொடங்கியதும் வெளிச்சமும் சத்தமும் குறைந்த அறையில் ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தூங்க விடுங்கள். இந்த நோய்க்கு இதைவிட நல்ல முதலுதவி கிடையாது. தானாகத் தூங்காத குழந்தைகளுக்குத் தூங்கவைக்கும் மருந்தை எப்போது, எவ்வளவு கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதித் தருவார். மூக்கில் அடிக்கும் மிடசோலம் இப்போது கிடைக்கிறது. அது நீங்களாக வாங்கிக் கொடுக்கும் பொருளல்ல. இரு பக்கமும் விழுந்திருக்கும்போது வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மருந்தைக்கூட. மூச்சுத் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, உடல் வெட்டி வெட்டி இழுப்பது ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ 108ஐ அழையுங்கள். கையில் சாவியோ இரும்போ கொடுக்க வேண்டாம்.

தலைக்குக் குளிப்பாட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை. வெதுவெதுப்பான நீரில், சீக்கிரம் முடித்து, உடனே துவட்டித் தூங்கவையுங்கள். குளியலும் பயணமும் கூட்டமும் ஒரே நாளில் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் உடனே கவனியுங்கள்.

ஃப்ளூனரிசின் என்ற மருந்து பலருக்குத் தாக்குதலின் நீளத்தையும் கடுமையையும் குறைக்கிறது. நம் ஊரில் ஒற்றைத் தலைவலிக்கு விற்கும் அதே மாத்திரைதான். நோயை வேரோடு எடுக்காது. தூக்கமும் உடல் எடையும் கூடும். கடையில் கேட்டு வாங்காமல், நோய் ஓரளவு உறுதியானபின் அளவு பார்த்துத் தொடங்க வேண்டியது. இந்த நோய்க்கு முழு நிவாரணம் இன்று இல்லை. ஆனால் நீண்ட, கடுமையான தாக்குதல்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பின்னுக்கு இழுத்துவிடக்கூடும் என்பதால் அவற்றைக் குறைப்பதே பெரிய வைத்தியம்.

ஒரு இ.சி.ஜி.யும் எடுத்துவிடுங்கள். இந்த மரபணு மாற்றம் உள்ள சிலருக்கு இதயத்தின் மின் ஓட்டத்திலும் மாறுதல் இருக்கிறது. மூளைக்கு ஓடுகிற அவசரத்தில் இதயத்தைப் பார்க்க மறந்துவிடுகிறோம். மயக்க மருந்து கொடுக்கும் எந்தச் சந்தர்ப்பத்திலும் இந்த நோய் இருக்கலாம் என்ற சந்தேகத்தை முன்கூட்டியே சொல்லுங்கள்.

பேச்சுக்கும் நடைக்கும் பயிற்சியை நோயின் பெயர் தெரியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் இருக்கிறது. இயன்முறைச் சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் இலவசம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகளையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சான்றிதழ் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள்.

கைபேசியும் ஒரு நோட்டும்

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட விலை குறைந்த பரிசோதனையைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். தாக்குதல் வரும்போது படம் பிடியுங்கள். முதலில் முகத்தையும் கண்களையும் அருகில், பிறகு முழு உடலையும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் தருகிறாளா என்று அதில் பதிவாகட்டும். இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கி விடுங்கள்; எது தொப்பென்று விழுகிறது என்று தெரியட்டும். இரண்டு நிமிடம் போதும். தூங்கி எழுந்த உடனே இன்னொன்று, எழுந்து அரை மணி கழித்து மற்றொன்று. இந்த மூன்று துண்டுகளும் சேர்ந்தால், அனுபவமுள்ள குழந்தை நரம்பியல் மருத்துவர் ஒருவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

நோட்டில் தேதி, தொடங்கிய நேரம், எந்தப் பக்கம், அதற்கு முன் என்ன நடந்தது, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, எப்போது தூங்கினாள், எழுந்தபோது எப்படி இருந்தாள், திரும்பி வந்ததா என்று எழுதுங்கள்.

ஆனால் காலை ஒன்பது முதல் மாலை நான்கரை வரை நீங்கள் பள்ளியில் இருக்கிறீர்கள். கடிதத்திலிருந்து பார்த்தால், மகளின் தாக்குதல்களில் முக்கால்வாசியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் உங்கள் அத்தை. அந்தப் பால் குடிக்கிற வரியும் அவர் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். இதுவரை எந்த மருத்துவமனைக்கும் அவரை நீங்கள் அழைத்துப் போனதாகத் தெரியவில்லை. அழுகிறவர் வேண்டாம் என்று விட்டிருப்பீர்கள். சொந்தத்தில் கட்டியதைப் பற்றி நான் எழுதியதை அவருக்கு இன்றே வாசித்துக் காட்டுங்கள். நோட்டையும் கைபேசியையும் அவரிடம் கொடுங்கள். திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் எடுக்கும்போது அவருக்கும் சேர்த்து எடுங்கள். மருத்துவர் கேள்வி கேட்கும்போது நீங்கள் முந்திக்கொள்ளாமல் அவரைப் பேச விடுங்கள்.